சொந்த வீடு உள்ளவர்கள் எழுதி வைக்க வேண்டிய ஆவணங்கள்

சென்னையில் ஒரு ஃபிளாட்டும் வங்கியில் கொஞ்சம் வைப்புத்தொகையும் உள்ள பலர், நாமினி போட்டாயிற்று, அது போதும் என்று இருந்துவிடுகிறார்கள். அது போதாது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளத் தகுதியுள்ளவரே தவிர, அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று வங்கிக் கணக்கு குறித்து 2010-லும், பங்குகள் குறித்து 2023-லும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய தனிச்சொத்து 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் பிரியும். வீடு முழுவதும் மனைவிக்கே என்று அவர் எண்ணியிருந்தாலும், பின்னாளில் தாயும் காலமானால், தாயின் பங்கில் அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் உரிமை வந்துவிடும். அதன் பிறகு வீட்டை விற்க, கணவரின் உடன்பிறந்தவர்களிடமும் கையெழுத்துக் கேட்டு மனைவி அலைய நேரும். இந்த அலைச்சலை ஓர் உயில் தவிர்த்துவிடும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். கதவு எண், சர்வே எண், பிரிக்கப்படாத நிலப் பங்கின் சதுர அடி, கிரயப் பத்திர எண், அது பதிவான சார்பதிவாளர் அலுவலகம் ஆகியவற்றை மூலப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிழையின்றி எழுதுங்கள். உயிலை நிறைவேற்றி வைக்க ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமியுங்கள். நீங்கள் கையெழுத்திடுவதை இரண்டு சாட்சிகள் நேரில் பார்த்து, உங்கள் முன்னிலையிலேயே அவர்களும் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் சொத்துப் பெறாதவர்களாகவும், உங்களைவிட வயதில் இளையவர்களாகவும் இருப்பது நல்லது. ஏனெனில் பின்னாளில் வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், பதிவு செய்துவிடுங்கள் என்றே வலியுறுத்துவேன். முதியவராக இருந்தால், மனத்தெளிவு குறித்து மருத்துவரிடம் சான்றும் வாங்கி வையுங்கள். இஸ்லாமியர்கள், மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத இயலாது.

உயிருடன் இருக்கும்போதே வீட்டைப் பிள்ளைகள் பெயருக்குச் செட்டில்மென்ட் செய்து கொடுக்க அவசரப்பட வேண்டாம். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட்டை அப்படி மாற்ற முடியாது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்போதுதான் பிள்ளைகள் கைவிட்டால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் கீழ் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கோர வலுவான ஆதாரம் இருக்கும்.

உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம், வங்கி வேலைக்கும் பதிவு வேலைக்கும் உதவும். ஆனால் எழுதியவர் இறந்தாலோ மனநிலை பிறழ்ந்தாலோ அது செல்லாது. செயற்கை உயிர்காப்புச் சிகிச்சை எந்த அளவுக்கு வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023 முதல் இரண்டு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதுமானது. இதன் நகலைக் குடும்ப மருத்துவரிடமும் கொடுத்து வையுங்கள். உயிலின் மூலப்பிரதி எந்த பீரோவில், எந்த லாக்கரில் இருக்கிறது என்பதை, அதை நிறைவேற்ற நீங்கள் நியமித்தவரிடம் இன்றே தெரிவித்துவிடுங்கள்.