செல்லுலைட்டிஸ்: வீட்டில் நரம்பு ஊசி போடும்போது நேரும் தவறுகள்

காலில் செல்லுலைட்டிஸ் (தோலிலும் அதன் அடித்திசுவிலும் வரும் கிருமித் தொற்று) வந்து நரம்பு ஊசி தேவைப்படும் எல்லாரும் மருத்துவமனையில் படுத்தாக வேண்டும் என்பதில்லை. மெல்பர்னில் 188 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2019இல் வெளியான ஆய்வில், வீட்டிலேயே தினம் ஒரு முறை செஃப்ட்ரியாக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசி பெற்றவர்களில் 2 பேருக்கும், மருத்துவமனையில் ஃபுளூக்ளாக்சசிலின் என்ற மற்றொரு கிருமிக்கொல்லி பெற்றவர்களில் 7 பேருக்கும்தான் சிகிச்சை பலிக்கவில்லை. ஆனால் அந்த வீடுகளுக்கு மருந்தோடு மருத்துவமனையின் கவனிப்பும் சேர்ந்தே சென்றது. நம் வீடுகளில் பெரும்பாலும் ஊசி மட்டுமே வருகிறது. தவறுகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

யாரை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சிவப்பைவிட வலி பல மடங்கு கடுமையாக இருந்தாலோ, தோல் கருத்துக் கொப்புளம் கிளம்பினாலோ, இரத்த அழுத்தம் குறைந்து நோயாளி குழம்பிப் பேசினாலோ, அது தசையுறையை அரிக்கும் தொற்றாக இருக்கக்கூடும். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் அந்த நிலையில் அடுத்த ஊசிக்காகக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. சீழ் கட்டியிருந்தால் அதைக் கீறி வெளியேற்றாமல் எத்தனை ஊசி போட்டும் பயன் குறைவு. இரண்டு கால்களும் ஒரே மாதிரி சிவந்திருந்தால் அது பெரும்பாலும் கிருமித் தொற்றே அல்ல, சிரைகளில் இரத்தம் தேங்குவதால் வரும் அழற்சி.

சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்து நேரம் குறிக்காமல் விடுவதுதான் என் பார்வையில் மிகப் பெரிய தவறு. சரியான மருந்து உள்ளே சென்ற பிறகும் முதல் ஓரிரு நாட்கள் சிவப்பு சற்றுப் பரவலாம். காய்ச்சலும் வலியும் தணிகின்றனவா என்பதையும் சேர்த்துப் பார்க்காமல், பதறி மருந்தை மாற்றச் சொல்வது தேவையற்றது. கோடு தாண்டுவதோடு நோயாளியும் சோர்ந்துகொண்டே போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காலைத் தொங்கவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஊசி போட்டுக்கொள்வதும் தவறே. இடுப்புக்கு மேல் உயர்த்தி வைத்தால்தான் வீக்கம் வடியும். விரலிடுக்குச் சேற்றுப்புண்ணுக்கும் மருந்து போடாவிட்டால் கிருமி நுழைந்த வாசல் திறந்தே கிடக்கும்.

ஒவ்வாமை எவருக்கும் நேரலாம் என்பதால் முதல் ஊசியை மருத்துவமனையிலேயே போட வேண்டும். கையில் குத்திய வென்ஃப்ளான் (மருந்து செலுத்த நரம்பில் பொருத்தும் சிறு குழாய்) நனையாமல் காத்து, அந்த இடம் சிவந்து வலிக்கிறதா என்று தினமும் பார்த்து வர வேண்டும். காய்ச்சல் நின்று சிவப்பு வாடத் தொடங்கினால், மாத்திரைக்கு மாறலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். ஊசியை நீட்டிப்பதால் கூடுதல் பலன் இல்லை, குழாய் வழியே புதிய தொற்று நுழையும் வாய்ப்புதான் கூடுகிறது.