நாற்பத்தைந்தில் ஓய்வு: கணக்கில் விடுபட்டுப் போகும் செலவுகள்

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் தமிழர்கள் நாலு பேர் கூடினால், ஊருக்குப் போகும் வெள்ளிக்கிழமைப் பேருந்தின் கட்டணத்துக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது, எத்தனை கோடி சேர்ந்தால் வேலையை விடலாம் என்பதுதான். எந்த ஃபண்ட் எத்தனை சதவீதம் தரும் என்ற விவாதம் மணிக்கணக்கில் ஓடும். வீட்டில் ஆண்டுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்ற கேள்விக்கு மட்டும் யாரும் சட்டென்று விடை சொல்ல மாட்டார்கள். நாற்பதுகளில் ஓய்வுபெற நினைப்பவர்களின் திட்டங்கள் பெரும்பாலும் செலவுப் பக்கத்திலும், எந்தப் பணம் எப்போது கைக்கு வரும் என்பதிலும்தான் தவறுகின்றன.

ஆண்டுச் செலவை 25ஆல் பெருக்கி வரும் தொகை ஓய்வுக்குப் போதும் என்ற சூத்திரத்தை அப்படியே எடுத்துக்கொள்வதில் தொடங்குகிறது சிக்கல். அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த சூத்திரம் அது. முதல் ஆண்டில் சேமிப்பின் 4 சதவீதத்தை எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அத்தொகையை ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் முப்பது ஆண்டுகளாவது தாங்கும் என்று, அமெரிக்கப் பங்குகள், அரசுப் பத்திரங்கள் ஆகியவற்றின் பழைய விவரங்களைக் கொண்டு அவர் காட்டினார். அறுபதைத் தாண்டி ஓய்வுபெறுபவருக்குப் பொருந்தும் கணக்கு அது. 45 வயதில் வேலையை விடுபவருக்கு, அதுவும் மனைவி சில ஆண்டுகள் இளையவராக இருந்தால், பணம் 45 ஆண்டுகளுக்கு மேல் வரவேண்டியிருக்கலாம். விலைவாசி ஏற்றமும் நம் நாட்டில் நெடுங்காலமாக அமெரிக்காவைவிட அதிகம். ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று மாதம் 1 லட்சத்தில் நடக்கும் குடும்பத்துக்கு இருபது ஆண்டுகள் கழித்து 3.2 லட்சம் வேண்டும். எனவே முதல் ஆண்டில் 3 சதவீதத்துக்கு மேல் எடுக்காமல், அதாவது செலவைப்போல் 33 மடங்கு கையில் வைத்துக்கொண்டு, வேலையை விடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆனால் எதை 33ஆல் பெருக்குகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. பெங்களூரு ஹூடியில் சொந்த அடுக்ககத்தில் வசிக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மளிகை, பால், அடுக்ககப் பராமரிப்புக் கட்டணம், மின்கட்டணம், பெட்ரோல், வேலைக்கார அம்மாவின் சம்பளம் என்று எல்லாம் சேர்த்து மாதம் 80,000 ரூபாய் என எக்செல் தாள் சொல்கிறது. ஆண்டுக்கு 9.6 லட்சம், 25 மடங்கு என்றால் 2.4 கோடி. மாதாமாதம் வராத செலவு எதுவும் இந்தத் தாளில் இல்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை 12 லட்சத்தில் கார் மாற்றினால் ஆண்டுக்கு 1.2 லட்சம். வண்ணம் பூசுதல், குழாய் வேலை, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சொத்துவரி ஆகியவற்றுக்கு 60,000. மருத்துவக் காப்பீட்டு பிரீமியமும் ஊரில் இருக்கும் பெற்றோரின் மருத்துவச் செலவும் 1.6 லட்சம். கல்யாணம், காதுகுத்து, தாய்மாமன் சீர், மொய், குலதெய்வக் கோயில் வரி, அதற்கான பயணங்கள் எல்லாம் சேர்ந்து 80,000. இவற்றையும் கூட்டினால் ஆண்டுச் செலவு 13.8 லட்சமாகிறது, 33 மடங்கு என்றால் ஏறத்தாழ 4.55 கோடி. பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கும் கல்யாணத்துக்குமான பணம் இதற்குள் வராது, அதைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும். 2.4 கோடி சேர்ந்த அன்றே ராஜினாமாக் கடிதம் கொடுப்பவர், தேவையானதில் பாதியைத்தான் தாண்டியிருக்கிறார். இரண்டு ஆண்டு வங்கிக் கணக்கு விவரத்தை முழுவதுமாக எடுத்து, கிரெடிட் கார்டு பில்லோடு சேர்த்துக் கூட்டிப் பார்ப்பதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

சம்பளத்தோடு சேர்ந்து போய்விடும் வசதிகளில் முக்கியமானது அலுவலகத்தின் குழு மருத்துவக் காப்பீடு. பெற்றோருக்கும் சேர்த்து நிறுவனமே கட்டிக்கொண்டிருந்த பிரீமியம் நின்ற பிறகு, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்துவிட்ட 45 வயதில் புதிதாகப் பாலிசி எடுக்கப் போனால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள். முன்பு 48 மாதங்கள் வரை இருந்த அந்தக் காலத்துக்கு 2024 ஏப்ரல் முதல் 36 மாதங்களே உச்சவரம்பு. ஆகவே வேலையை விடுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அலுவலகக் காப்பீடு இருக்கும்போதே, குடும்பத்துக்குத் தனிப் பாலிசி எடுத்துவிட்டால் அந்தக் காத்திருப்பு சம்பளம் வரும் காலத்திலேயே கழிந்துவிடும். வீட்டுக் கடனோ கிரெடிட் கார்டோ தேவைப்பட்டால் அதையும் சம்பளம் இருக்கும்போதே முடித்துக்கொள்ள வேண்டும். கோடிகள் இருந்தாலும் சம்பளச் சீட்டு இல்லாதவரை வங்கிகள் வேறு கண்ணோடுதான் பார்க்கின்றன.

மொத்தத் தொகையைப் பார்த்துத் திருப்தி அடைபவர்கள், அதில் எவ்வளவு பூட்டிய பணம் என்று பார்ப்பதில்லை. என்பிஎஸ் எனப்படும் தேசிய ஓய்வூதியத் திட்டக் கணக்கிலிருந்து, விதிகள் குறிக்கும் காலத்துக்கு முன்பே வெளியேறினால், சிறு தொகைக் கணக்குகள் தவிர மற்றவற்றில் 80 சதவீதத்தை, ஓய்வூதியம்போல் தவணையாகப் பணம் தரும் ஆண்டுத்தொகைத் திட்டத்தில் போட வேண்டும். பிஎஃப் கணக்கோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும், முழுத் தொகை 58 வயதில்தான் கிடைக்கும். 50க்குப் பிறகு முன்கூட்டியே வாங்கினால், குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. வேலையை விட்டபின் பிஎஃப் கணக்கில் சேரும் வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. பிபிஎஃப் எனப்படும் பொது வருங்கால வைப்புநிதி 15 ஆண்டுக் கணக்கு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 45 வயதுக்காரருக்குக் கிடையாது. ஆக, 45 முதல் 60 வரையிலான பதினைந்து ஆண்டுகளைத் தடையின்றி எடுக்கக்கூடிய மியூச்சுவல் ஃபண்டும் வங்கி வைப்புத்தொகையுமே சுமந்தாக வேண்டும். அந்தப் பதினைந்து ஆண்டுக்குத் தனியாக ஒரு தாள் போட்டுப் பார்க்காத திட்டம் அரைகுறையானது.

குடியிருக்கும் வீட்டைச் சேமிப்பில் சேர்ப்பது, பாகம் பிரியாத ஊர் நிலத்தைச் சேர்ப்பது, இன்னும் பங்குச் சந்தைக்கு வராத ஸ்டார்ட்அப் நிறுவனத்தின் பங்கு விருப்புரிமையை, அதாவது பின்னால் குறித்த விலைக்குப் பங்கு வாங்கும் உரிமையைச் சேர்ப்பது எல்லாம் ஒரே வகைத் தவறுகள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பட்டியலிடப்பட்ட நிறுவனம் சம்பளத்தின் பகுதியாகத் தரும் பங்குகள் (ஆர்எஸ்யூ) கைக்கு வந்தபின்னும் விற்காமல் குவித்து வைப்பவர்கள், சம்பளத்தையும் சேமிப்பையும் ஒரே நிறுவனத்தின் தலையில் ஏற்றிவைக்கிறார்கள்.

சராசரி வருமானத்தை நம்புவது இவற்றையெல்லாம்விட ஆபத்தானது, ஏனென்றால் அந்தக் கணக்கு பார்வைக்குச் சரியாகவே இருக்கும். 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட மும்பை பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,000 அருகே வந்து, 2010 நவம்பரில்தான் பழைய உயரத்துக்குத் திரும்பியது. அந்த உச்சத்தில் 3 கோடியையும் சென்செக்ஸைப் பின்பற்றும் குறியீட்டு ஃபண்டில் வைத்துவிட்டு ஓய்வுபெற்று, மாதம் 1 லட்சம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், ஈவுத்தொகையை விட்டுப் பார்த்தால், 2009 மார்ச்சில் ஏறத்தாழ 1.1 கோடிதான் மிஞ்சியிருக்கும். அவருடைய ஆண்டுச் செலவு அதில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். வேலையில் இருந்தவர்கள் அதே வீழ்ச்சியில் மலிவாக வாங்கினார்கள், இவர் மலிவாக விற்றார். பிறகு சந்தை ஏறினாலும் விற்றுப்போன யூனிட்டுகள் திரும்பி வரமாட்டா. நான்கைந்து ஆண்டுச் செலவை வங்கி வைப்புத்தொகையிலும், கடன் பத்திரங்களில் முதலிடும் கடன் ஃபண்டுகளிலும் வைத்திருந்தால், சந்தை விழும்போது பங்குகளைத் தொடாமல் இருக்கலாம். வங்கிக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு என்பதால், அதையும் ஒரே வங்கியில் குவிக்க வேண்டாம்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூலை 23 முதல், பங்கு சார்ந்த ஃபண்டுகளில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்கும் லாபத்தில் ஆண்டுக்கு 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீத வரி. மனைவி தன் சம்பாத்தியத்தைத் தன் பெயரிலேயே சேர்த்திருந்தால் அந்த விலக்கு இருவருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். கணவர் கொடுத்த பணமென்றால் அதன் லாபம் கணவர் கணக்கிலேயே சேரும்.

கடைசியாக, கோயம்புத்தூருக்கோ திருச்சிக்கோ திரும்பிவிட்டால் செலவு பாதியாகிவிடும் என்ற நம்பிக்கை. வாடகையும் காய்கறியும் குறையலாம். தனியார் மருத்துவமனையின் பில்லும் நல்ல பள்ளியின் கட்டணமும் அந்த அளவு குறைவதில்லை. உள்ளூரில் இருந்துகொண்டு எந்த விசேஷத்துக்கும் போகாமல் தப்பிக்கவும் முடியாது. கன்னடம் படித்த பிள்ளையை ஒன்பதாம் வகுப்பில் பள்ளி மாற்றுவதும், பெங்களூரில் வேலை பார்க்கும் மனைவி தன் வேலையை விடுவாரா என்பதும் எக்செல் தாளில் வராத விஷயங்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைக்கும்போது ஒரு கோடை விடுமுறையாவது குடும்பத்தோடு அங்கே வாடகைக்கு இருந்து, அங்கே ஆகும் செலவை எழுதிப் பார்க்கலாம். அங்கே குடியேறி ஓராண்டு ஆகும்வரை பெங்களூரு வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவைப்பது நல்லது.