ஷோடவுனில் முதல் போக்கிமான்: 510 புள்ளிகளை எங்கே போடுவது?

போக்கிமான் சண்டைகளை மட்டும் ஆன்லைனில் ஆடும் தளமான போக்கிமான் ஷோடவுனுக்குப் புதிதாக வருகிற பலரும் பிடித்த ஆறு போக்கிமானை அணியில் சேர்த்து, பெயர் தெரிந்த தாக்குதல்களாகப் பார்த்துக் கொடுத்து, நேராகச் சண்டைக்குப் போய்த் தோற்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வளர்ப்பு என்பதே அங்கே பாதிச் சண்டை. அதனால் ஒரே ஒரு போக்கிமானை எடுத்து, அதை எப்படித் தயார் செய்வது என்று முழுதாகப் பார்ப்போம்.

ஷோடவுன் ரசிகர்கள் உருவாக்கிய இலவசத் தளம், பிரவுசரிலேயே ஓடும். எதையும் இறக்க வேண்டாம், ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். முதல் நாள் ரேண்டம் பேட்டில் மட்டும் ஆடுங்கள். அணியைத் தளமே தரும், எந்த வகை எதை அடிக்கும் என்பது கைக்குப் பழகிவிடும்.

சரி, அடுத்து அணி அமைக்கும் பகுதியான டீம்பில்டரைத் திறந்து, புது அணி தொடங்கி, கார்ச்சாம்ப் என்ற போக்கிமானைச் சேருங்கள். டிராகன், கிரவுண்ட் என்று இரண்டு வகையும் சேர்ந்தது, வேகமும் அடியும் நன்றாக இருக்கும், புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. திறனுக்கு ரஃப் ஸ்கின் போடுங்கள், தொட்டு அடிக்கிறவர் தன் முழு உயிரில் எட்டில் ஒரு பங்கை இழப்பார். நான்கு தாக்குதல்கள்: எர்த்குவேக், டிராகன் கிளா, ஸ்டோன் எட்ஜ், ஸ்வார்ட்ஸ் டான்ஸ். கடைசியில் சொன்னது யாரையும் அடிக்காது, கார்ச்சாம்ப்பின் அட்டாக்கை இரட்டிப்பாக்கும்.

இப்போது முக்கியமான இடம், ஈவி புள்ளிகள், அதாவது போக்கிமானின் பலத்தைக் கூட்ட நாம் பிரித்துப் போடும் பயிற்சிப் புள்ளிகள். நின்டெண்டோ கருவியில் ஆடும்போது எதிரிகளைத் தோற்கடித்துத் தோற்கடித்து ஒன்றும் இரண்டுமாக இவற்றைச் சேர்ப்பது வழக்கம். இங்கே ஒரு ஸ்லைடரை இழுத்தால் முடிந்தது. மொத்தம் 510, ஒரு ஸ்டாட்டுக்கு (உயிர், அட்டாக், ஸ்பீடு மாதிரி ஆறு அளவுகளில் ஒன்றுக்கு) 252க்கு மேல் போட முடியாது, 100ஆம் லெவலில் 4 புள்ளிக்கு ஸ்டாட் 1 கூடும்.

எல்லாவற்றிலும் கொஞ்சம் பலமாக இருக்கட்டுமே என்று நினைத்து, நான் ஆறு ஸ்டாட்டுக்கும் 85 வீதம் பிரித்துக் கொடுத்தேன். கணக்குக்கு அழகாக 510 வந்தது. ஆனால் ஸ்பீடு 261தான். எதிரே வந்தது டிமிட் நேச்சரில் (நேச்சர் என்பது ஒரு ஸ்டாட்டைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும் குணம், டிமிட் ஸ்பீடைக் கூட்டும்) முழு ஸ்பீடு போட்ட சாரிசார்ட், அதன் ஸ்பீடு 328. ஏற்கெனவே அடிபட்டிருந்த என் கார்ச்சாம்ப்பை அது முந்தி அடித்து வீழ்த்திவிட்டது. நான் முந்தியிருந்தால் ஒரு ஸ்டோன் எட்ஜ் போதும், ஏனென்றால் அது ராக் வகை அடி, சாரிசார்ட்டின் ஃபயர், ஃபிளையிங் வகைகள் இரண்டுமே ராக் அடிக்கு இரண்டு மடங்கு வாங்கும், சேர்ந்தால் நான்கு மடங்கு.

அதனால் அட்டாக்குக்கு 252, ஸ்பீடுக்கு 252, மிச்சத்தில் 4 உயிருக்கு. இரண்டு புள்ளி வீணாகும், போகட்டும். நேச்சர் ஜாலி. அது ஸ்பீடை 10 சதவீதம் கூட்டி ஸ்பெஷல் அட்டாக்கைக் குறைக்கும், நாம் அதைத் தொடப்போவதே இல்லை. இப்போது ஸ்பீடைப் பாருங்கள், 333. சாரிசார்ட்டின் 328க்கு ஐந்து மேலே. இதே புள்ளிகளோடு அட்டாக்கைக் கூட்டுகிற அடமண்ட் நேச்சரைப் போட்டால் 303தான் வரும், மறுபடி சாரிசார்ட் முந்திவிடும். யாரை முந்த வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் புள்ளியைப் போடுங்கள். நான் இன்றும் எந்தப் போக்கிமானை எடுத்தாலும் இந்த வரிசையில்தான் செய்கிறேன்.

கையில் கொடுக்கும் பொருளுக்கு ஃபோகஸ் சாஷ் போதும், முழு உயிரோடு இருக்கும்போது எவ்வளவு பெரிய ஒற்றை அடி விழுந்தாலும் 1 உயிர் மிஞ்சும்.

கார்ச்சாம்ப்புக்கு ஒரு பெரிய பயம் ஐஸ், நான்கு மடங்கு அடி. டிராகனும் ஃபேரியும் இரண்டு மடங்கு. இந்த மூன்றையும் பாதியாகத் தாங்கக்கூடிய ஸைஸர் என்ற போக்கிமானைத் துணைக்குச் சேருங்கள். ஸைஸருக்கு இருக்கிற ஒரே பலவீனம் ஃபயர், அதைக் கார்ச்சாம்ப் பாதியாகத்தான் வாங்கும். ஒன்று மாட்டும்போது இன்னொன்றை இறக்கலாம். புதியவர்கள் மாற்றவே மாட்டார்கள், எதிரே ஐஸ் அடிக்கிற ஆள் நிற்கிறான் என்று தெரிந்தும் கார்ச்சாம்ப்பை அங்கேயே நிறுத்தி அடி வாங்க வைப்பார்கள். மாற்றினால் ஒரு சுற்று போகும், உண்மைதான், ஆனால் கார்ச்சாம்ப் மிஞ்சும்.

மீதி நான்கு இடங்களையும் இப்படியே ஜோடி ஜோடியாக நிரப்பிவிட்டு, பலரும் ஆடும் முக்கியப் பிரிவான ஓயூவில் இறங்குங்கள், அங்கே எல்லோருக்கும் 1000 ரேட்டிங்கில்தான் தொடக்கம். சண்டை முடிந்ததும் ரீப்ளே எடுத்துக்கொள்ளும் பொத்தான் வரும். தோற்ற சண்டையின் ரீப்ளேயைத் திறந்து, உங்கள் போக்கிமான் விழுந்த சுற்றுக்கு ஒரு சுற்று முன்னால் நிறுத்திப் பாருங்கள், மாற்ற வேண்டிய இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.