புளியரை ஏற்றமும் என் ஆர்எக்ஸ் 100-ம்

செங்கோட்டையில் இருந்தபோது என்னிடம் யமஹா ஆர்எக்ஸ் 100 இருந்தது. 1985 முதல் 1996 வரை இங்கே தயாரான டூ ஸ்ட்ரோக் வண்டி. வெறும் 98 சிசி. அதில் மலையேறி, கேரளப் பக்கம் இருக்கும் ஆரியங்காவுக்குப் போவதே தனி சுகம்.

ஒரு மழைக்காலத்தில், அந்த வழியில் இருக்கும் புளியரை எஸ் வளைவில் வண்டி இழுக்கவில்லை. கேரளாவுக்குப் போகும் காய்கறி லாரிகள்கூட முந்தின. பிளக், கார்பரேட்டர் இரண்டும் சுத்தம். சைலன்சர் வாயில் கையைக் காட்டினேன். காற்று மெலிதாகத்தான் வந்தது. சரி, அடைப்பு அங்கேதான்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் கரி படியும். சைலன்சர் முனைத் திருகைக் கழற்றி உள்குழாயை உருவினேன். துளையே தெரியாத அளவுக்குப் பிசுபிசுத்த கறுப்புக் கரி. கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீரில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து (சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது) ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் கம்பி பிரஷ் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. அலுமினிய பாகம் எதையும் இதில் போடாதீர்கள், அரித்துவிடும்.

மாட்டி கிக்கரை உதைத்ததும் அதே பழைய சத்தம்! ஏற்றத்தில் அப்படி ஒரு இழுவை. அப்புறம் பணமுடையில் விற்க வேண்டியதாயிற்று. புனலூர் பக்கம் போனதாகக் கேள்வி. இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், கிடைத்தால் வாங்கிவிடுவேன்.