விட்டு விட்டு ஓடும் மாடல் ரயில் இன்ஜின்: கடலோர வீடுகளுக்கான செய்முறை

வாங்கிய புதிதில் வழுக்கிக்கொண்டு ஓடிய இன்ஜின், ஒரு மழைக்காலம் கழிந்ததும் நாலு அங்குலம் ஓடி நிற்கும். விரலால் தொட்டால் மறுபடி கிளம்பும். தொண்டி, மண்டபம், பாம்பன், கீழக்கரை என்று நம் கடலோரத்தில் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். உடனே ஸ்குரூடிரைவரைக் கையில் எடுக்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் மோட்டாரில் இருக்காது. மோட்டாருக்குக் கரண்ட் போகும் வழியில்தான் இருக்கும்.

அந்த வழியைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரிலிருந்து வயர், வயரிலிருந்து தண்டவாளம், தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடு, சக்கரம், சக்கரத்தின் பின்புறத்தை உரசும் மெல்லிய உலோகத் தகடு, கடைசியில் மோட்டார். இதில் ஒவ்வொரு தொடுமிடத்திலும் உப்பு படியும், உப்பு ஈரத்தை இழுக்கும். 1914இல் திறந்த பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றதற்கே அரிப்புதான் காரணம். அவ்வளவு பெரிய இரும்பையே தின்ற காற்று, 12 வோல்ட்டில் ஓடும் நம் சின்ன இன்ஜினைச் சும்மா விடாது.

படி 1: கோளாறு எங்கே?

இன்ஜினை மெதுவான வேகத்தில் சுற்றவிடுங்கள். தடுமாறும் இடத்தில் எல்லாம் தண்டவாளத்தின் ஓரம் சாக்பீஸால் குறியிடுங்கள். மூன்று நான்கு சுற்றிலும் அதே இடத்தில் நின்றால் கோளாறு தண்டவாளத்தில். இடம் மாறி மாறி நின்றால் இன்ஜினில். இன்னொரு இன்ஜின் இருந்தால் அதையும் ஓட்டிப் பாருங்கள், சந்தேகமே இருக்காது. இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். இதைச் செய்யாமல் இன்ஜினைப் பிரிப்பவர்கள்தான் நல்ல இன்ஜினைக் கெடுக்கிறார்கள்.

படி 2: தண்டவாளம்

கரண்டை அணையுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு, தண்டவாளத்தின் மேற்புறத்தையும் உள் ஓரத்தையும் துடையுங்கள். துணியில் கறுப்பு வரும். அது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 99 சதவீத ஆல்கஹால்தான் வேண்டும். மெடிக்கல் கடை சானிடைசரில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும். அது தண்டவாளத்தில் படலமாகத் தங்கி இன்னும் மோசமாக்கும்.

உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். தேய்த்தால் விழும் கீறலில்தான் அடுத்த அழுக்கு உட்காரும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் அதைவிட ஆபத்து: அதன் துகள்களை மோட்டாரின் காந்தம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

துடைத்த பிறகும் குறியிட்ட இடத்திலேயே நின்றால், அங்கிருக்கும் இணைப்புத் தகட்டைப் பாருங்கள். தண்டவாளம் செம்பு கலந்த உலோகமாக இருந்தால் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரால் வயர் இணைந்த இடத்திலும் தூரத்து மூலையிலும் வோல்ட்டேஜ் அளந்து பாருங்கள். தூரத்தில் ஒரு வோல்ட் அளவுக்குக் குறைந்தால் தகட்டை மாற்றுங்கள். அதைவிட நல்லது, அந்தத் துண்டுக்குத் தனியாக ஒரு வயர் இழுத்துச் சால்டர் வைப்பது. நம் ஊர் காற்றுக்குத் தகட்டை மட்டும் நம்பியிருக்க முடியாது.

படி 3: சக்கரம்

தண்டவாளத்தின் குறுக்கே ஆல்கஹாலில் நனைத்த டிஷ்யூ பேப்பரை விரியுங்கள். இன்ஜினின் பாதிச் சக்கரங்கள் பேப்பரிலும் மீதி தண்டவாளத்திலும் இருக்கும்படி கையால் பிடித்துக்கொண்டு கரண்ட் கொடுங்கள். சக்கரம் சுற்றச் சுற்றக் கறுப்புக் கோடுகள் விழும். பிறகு திருப்பி வைத்து மறுபாதி. ரப்பர் வளையம் போட்ட சக்கரத்தை மட்டும் ஆல்கஹாலில் நனைக்க வேண்டாம். வளையம் தளர்ந்திருந்தால் புதிது போடுங்கள்.

படி 4: உரசும் தகடு

ஸ்பாஞ்சில் இன்ஜினைத் தலைகீழாகப் படுக்கவைத்து, கன்ட்ரோலரிலிருந்து வரும் இரண்டு வயர்களையும் இருபக்கச் சக்கரங்களில் ஒவ்வொரு ஜோடியாகத் தொடுங்கள். ஒரு ஜோடியில் ஓடி இன்னொன்றில் ஓடவில்லை என்றால், அந்தச் சக்கரத்தின் தகடு அழுக்கேறியிருக்கிறது அல்லது விலகியிருக்கிறது. காட்டன் பட்ஸால் துடைத்து, டூத்பிக்கால் மெல்ல வளைத்து, சக்கரத்தை லேசாகத் தொடும்படி வையுங்கள். அழுத்தினால் அதுவே பிரேக் ஆகிவிடும்.

படி 5: கியர்

ஒரே சீராக, தாளம் தப்பாமல் குலுங்கினால் அது கரண்ட் கோளாறு இல்லை. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை துள்ளினால், அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கும். ஒட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அச்சைச் சுற்றிய முடி, நார் இவற்றை ட்வீசரால் எடுங்கள். எண்ணெய் என்றால் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி, அச்சு முனைகளுக்கு மட்டும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. நாள்பட்டால் பிசினாகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் சரியாகவில்லை என்றால்தான் மோட்டார். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, அது உரசும் செப்பு வளையத்தை ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடையுங்கள்.

ஓட்டாத நாளில் இன்ஜினை மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பாம்பன் பாலத்தை மாடலாகச் செய்பவர்கள் அரியமான் மணலையோ தனுஷ்கோடி மணலையோ அள்ளிவந்து தண்டவாளத்தின் அடியில் கொட்ட ஆசைப்படுவார்கள். ஆசை எனக்குப் புரிகிறது, நம் மண் அல்லவா. ஆனால் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் காயவைத்து, காந்தத்தை மேலே ஓட்டிக் கருந்துகள்களை எடுத்த பிறகே போடுங்கள். போட்டதும் பசை வைத்து ஒட்டிவிடுங்கள். ஒரு மணல்கூட உதிரியாகக் கிடக்கக்கூடாது.