பிடித்த ஓவியர்களைத் தேர்ந்தெடுப்பதும் பிறருக்குக் காட்டுவதும்

பிடித்த ஓவியர் யார் என்று கேட்டால் வான்கோ, பிக்காசோ என்று பெயர்கள் உடனே வந்துவிடும். வான்கோவின் எந்தப் படம், அதில் எந்த இடம் என்று அடுத்த கேள்வி வந்தால்தான் தடுமாற்றம். பட்டியலைப் பெயரிலிருந்து தொடங்கியதே காரணம். படத்திலிருந்து தொடங்குங்கள்.

ஒரு மாதத்துக்கு, கண்ணை நிறுத்தும் படங்களையெல்லாம் ஒரே ஃபோல்டரில் சேருங்கள். வரைந்தவர் பெயரைப் பார்க்க வேண்டாம். எடுத்த பக்கத்தின் முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பிறகு தேடி அலைய நேரும். முப்பது நாற்பது சேர்ந்ததும் இரண்டு வாரம் ஃபோல்டரைத் திறக்காதீர்கள். திறப்பதற்கு முன், நினைவில் இருப்பவற்றை ஒரு தாளில் வெறும் கோடுகளாகக் கிறுக்கிப் பாருங்கள்: உருவம் எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, வெற்றிடம் எவ்வளவு. இப்படித் தேறுபவை சிலவாகத்தான் இருக்கும். அவற்றை வரைந்தவர்கள் யார் என்று இப்போது பாருங்கள்.

ஒரு படம் பிடித்ததாலேயே அவரைப் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. இளமை, நடு வயது, முதுமை மூன்றிலுமாகப் பத்துப் படைப்புகளாவது பாருங்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘கனகாவா பேரலை’ வந்தது சுமார் 1831இல். அப்போது அவருக்கு வயது எழுபதை ஒட்டி. அதற்கு முன்னால் அரை நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது. ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் நெசவாளர் போராட்டத்தை 1890களில் நுணுக்கமான கோடுகளாலான அச்சுப்படங்களாகச் செய்தார். முதல் உலகப் போரில் மகனை இழந்த பின், போரைப் பற்றி 1920களில் செய்தவை கனத்த கறுப்பு மரச்செதுக்கு அச்சுகள். ஏன் மாற்றினார் என்ற கேள்வி உங்களை விடாமல் பிடித்துக்கொண்டால் அவர் உங்களுக்கான ஓவியர். பத்தில் ஒன்று மட்டுமே பிடித்தால் அந்தப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஓவியரை விட்டுவிடலாம்.

பழைய காலத்தவரைத் தேடும்போது, புகழ் பெற்ற பெயருக்குப் பக்கத்தில் இருந்தவர்களையும் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யூடித் லெய்ஸ்டரின் ஓவியம் ஒன்று, அவர் காலத்துப் புகழ்பெற்ற ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்ததாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. இரண்டு எழுத்தும் ஒரு நட்சத்திரமுமான லெய்ஸ்டரின் கையொப்பம் 1893இல்தான் அடையாளம் காணப்பட்டது. வாழ்பவர்களிடம் இன்னொரு சிக்கல்: காலம் இன்னும் சலித்துத் தரவில்லை, சலிப்பது உங்கள் வேலை. கானாவில் பிறந்த சிற்பி எல் அனட்சுயி புட்டி மூடிகளைச் செம்புக் கம்பியால் கோத்துச் செய்யும் திரைகள், மாட்டுமிடத்துக்கு ஏற்ப மடிப்பு மாறுபவை. ஆகவே ஒரே படைப்பின் இரண்டு மூன்று காட்சிப் புகைப்படங்களையாவது ஒப்பிட்ட பின்பே முடிவு செய்யுங்கள். மொத்தம் ஏழு பேர் போதும்: முன்னோர் நால்வர், வாழ்பவர் மூவர்.

அதிகம் பிழை நேர்வது படத்தை எடுப்பதில்தான். ஒரே ஓவியம் இணையத்தில் பத்து நிறத்தில் கிடக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். படைப்பை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் பக்கத்திலிருந்தே எடுங்கள். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம், சிகாகோ கலைக்கூடம் ஆகியவை பதிப்புரிமை முடிந்த ஏராளமான படைப்புகளின் பெரிய கோப்புகளை இலவசமாகவே தருகின்றன. எந்தப் பிரதி என்பதையும் பாருங்கள்: வான்கோவே வரைந்த ‘படுக்கையறை’ மூன்று உண்டு. அதன் சுவர் முதலில் ஊதாவாக இருந்தது; சிவப்பு நிறமி வெளுத்ததால் இன்று நீலமாகத் தெரிகிறது. ‘அந்த நீலம்’ என்று உருகி எழுதுவதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

அளவை ஒருபோதும் விடாதீர்கள். டாலியின் உருகும் கடிகாரங்கள் ஓவியம் 24 × 33 செ.மீ., ஏ4 தாளைவிடக் கொஞ்சம் பெரிது. பிக்காசோவின் ‘குவர்னிகா’ மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலம். போன் திரையில் இரண்டும் ஒரே அளவு! படத்துக்குக் கீழே இப்படி ஒரு வரி வேண்டும்:

யோஹான்னஸ் வெர்மீர், ‘முத்துத் தோடணிந்த பெண்’, சுமார் 1665, கித்தானில் எண்ணெய் வண்ணம், 44.5 × 39 செ.மீ., மௌரிட்ஷுயிஸ், த ஹேக்.

உயரம் முதலில், அகலம் பிறகு. புகைப்படம் எடுத்தவர் பெயர் கிடைத்தால் அதையும் சேருங்கள்.

அடுத்து மூன்று வாக்கியம் எழுதுங்கள்: கண் முதலில் எங்கே போகிறது, அந்த இடம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, அது உங்களை ஏன் பிடித்துவைக்கிறது. வெர்மீரின் அந்த முத்தை உற்றுப் பாருங்கள். மேலே ஓர் ஒளிப்பொட்டு, கீழே வெள்ளைக் காலரின் பிரதிபலிப்பு, அவ்வளவே. காதில் மாட்டும் கொக்கிகூட இல்லை. மீதியை நம் கண் நிரப்பிக்கொள்கிறது. ‘அற்புதம்’, ‘உயிரோட்டம்’ போன்ற சொற்கள் எந்தப் படத்துக்கும் பொருந்தும் என்பதால் எதையும் காட்டித் தருவதில்லை.

பதிப்புரிமை இந்தியாவில் படைப்பாளி இறந்த பின் 60 ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டு; இறந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து கணக்கு. பிக்காசோ மறைந்தது 1973இல், எனவே இன்னும் உரிமை உண்டு. வாழ்பவர் என்றால் அவருடைய பக்கத்துக்கு இணைப்புத் தருவதே நல்லது. படத்தையே போட வேண்டுமானால் எந்தப் படைப்பு, எங்கே, எதற்காக என்று எழுதி அனுமதி கேளுங்கள். கையொப்பத்தை வெட்டுவதும் நிறத்தைக் கூட்டுவதும் கூடவே கூடாது.

பெயர் மாறிய படங்களும், கணினி உருவாக்கிய போலிகளும் நிறையச் சுற்றுகின்றன. தேடுபொறியில் சொல்லுக்குப் பதில் படத்தையே கொடுத்துத் தேடிப் பாருங்கள். ஆண்டு, ஊடகம், இருப்பிடம் எதுவும் நம்பத்தகுந்த பக்கத்தில் கிடைக்காவிட்டால் பகிராதீர்கள்.

வாரம் ஒருவர், ஒருவருக்கு மூன்று படம்: தெரிந்த ஒன்று, தெரியாத ஒன்று, கடைசிக் காலத்து ஒன்று. ஏழு பேரையும் ஒரே நாளில் கொட்டினால் யாரும் எதையும் நின்று பார்க்க மாட்டார்கள். பார்வையற்றவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்காக ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி மாற்று விவரணை (alt text) சேருங்கள்: யார், எந்தப் பக்கம் திரும்பி, எந்த வெளிச்சத்தில் இருக்கிறார் என்ற வரிசையில்.