சின்ன டார்ச்சில் சார்ஜ் செல்: போடும் முறையும் கெடும் காரணமும்

ராத்திரியில் கழனிக்கு மோட்டார் போடப் போகிறவர் கையில் இருக்கும் சின்ன டார்ச்சுக்கு, மாதாமாதம் புது செல் வாங்கிப் போடுவது தண்டச் செலவு. சார்ஜ் செல்லே போதும். ஆனால் டார்ச்சின் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே எத்தனை செல், என்ன அளவு என்று பார்த்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.

சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல்தான் டபுள் ஏ. ரிமோட்டுக்குப் போடும் ஒல்லி செல் ட்ரிபிள் ஏ. இந்த இரண்டு அளவிலும் வரும் சார்ஜ் செல் பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை, 1.2 வோல்ட். சாதாரண செல் 1.5. ‘வோல்ட் கம்மி, வெளிச்சம் வராது’ என்று யாராவது சொன்னால் நம்பித் திரும்பிவிட வேண்டாம். சாதாரண செல் 1.5-இல் தொடங்கினாலும் எரிய எரிய இறங்கிக்கொண்டே வரும். பாதி ஆயுளிலேயே 1.2 பக்கம் வந்துவிடும். சார்ஜ் செல் கிட்டத்தட்ட கடைசி வரை 1.2-ஐ ஒட்டியே நின்று, தீரும்போது மளமளவென்று விழும்.

வெள்ளை எல்.இ.டி. எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஒற்றை செல் டார்ச்சில் அதை உயர்த்திக் கொடுக்க ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும், அதற்கு 1.2 தாராளம். மூன்று ட்ரிபிள் ஏ போடும் மலிவு டார்ச்சில் பெரும்பாலும் சர்க்யூட்டே கிடையாது. மூன்றும் சேர்ந்து 3.6 வோல்ட், நேராக எல்.இ.டி.க்குப் போகும், நன்றாகவே எரியும். பழைய பல்பு டார்ச்சில் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளடிக்கும்.

வாங்கும்போது உறையில் ‘ரெடி டு யூஸ்’ அல்லது ‘ப்ரீ சார்ஜ்டு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜ் தானாக வடிவது குறைந்த வகை அது. சான்யோ 2005-இல் எனெலூப் என்ற பெயரில் கொண்டுவந்த பிறகு பல கம்பெனிகளும் செய்கின்றன. பழைய வகை அலமாரியில் கிடந்தாலே ஓரிரு மாதத்தில் பாதி காலி. எப்போதாவது எடுக்கிற டார்ச்சுக்கு அது உதவாது. செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண் எம்.ஏ.எச். டபுள் ஏ-யில் 2,000 எம்.ஏ.எச். போதும். 2,800-க்கு மேல் அச்சடித்திருந்தால் அது வெறும் எழுத்து. அதிகக் கொள்ளளவு உள்ளவை சற்றே தடித்தும் இருக்கும். குறுகலான டார்ச்சுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

சார்ஜ் செல்லைச் சாகடிப்பது பெரும்பாலும் ஜோடி மாற்றம்தான். ஒரு செல் பழசு, ஒன்று புதுசு என்று போட்டால் பழசு முதலில் தீரும். புதுசு விடாமல் கரண்டைத் தள்ள, தீர்ந்த செல்லுக்குள் பிளஸ் மைனஸ் தலைகீழாகிவிடும். இரண்டு மூன்று முறை அப்படி நடந்தால் அந்தச் செல் மறுபடி சார்ஜ் ஏற்காது. அதனால் வாங்கிய அன்றே மார்க்கர் பேனாவால் ‘அ1, அ2’, ‘ஆ1, ஆ2’ என்று எழுதி, மாதத்தையும் வருஷத்தையும் குறித்துவிடுங்கள். அ-வோடு ஆ சேரக் கூடாது. வெளிச்சம் மங்கியதும் அணையுங்கள். முழுக்க அணைகிற வரை எரியவிட்டாலும் இதே கதிதான்.

மூன்று செல் டார்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. மலிவு சார்ஜர்கள் இரண்டிரண்டாகத்தான் ஏற்றும். மூன்றாவதைத் தனியாகப் போட்டால் ஏறாது, பழைய செல்லைத் துணைக்கு வைத்தால் இரண்டும் கெடும். ஒவ்வொரு குழிக்கும் தனித்தனி விளக்கு உள்ள சார்ஜராக வாங்குங்கள். அது முடியாதென்றால் ஆறு செல்லாக வாங்கி, ஆறையும் ஜோடி ஜோடியாக ஏற்றிக்கொள்ளலாம்.

தானாக நிற்காத சார்ஜரில் நேரத்தை நாம்தான் கணக்கிட வேண்டும். செல்லின் எம்.ஏ.எச்.ஐ, சார்ஜரின் பின்னால் போட்டிருக்கும் எம்.ஏ. (அது தரும் கரண்ட்) எண்ணால் வகுத்து 1.4-ஆல் பெருக்குங்கள். 2,000 செல், 200 எம்.ஏ. சார்ஜர் என்றால் 14 மணி நேரம். டைமர் வைத்த சார்ஜர் இதைவிட மோசம்: நடுவில் கரண்ட் போய் வந்தால் கணக்கை முதலிலிருந்து தொடங்கும், நிரம்பிய செல்லுக்கே மறுபடி ஏற்றும். கரண்ட் அடிக்கடி போகும் ஊரில் செல்லைப் பார்த்துத் தானே நிறுத்தும் ஸ்மார்ட் சார்ஜர்தான் சரி.

வேலூர் வெயிலைச் சொல்லாமல் முடியாது. கத்திரி நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இன்னும் கூடும். அந்தச் சூட்டில் சார்ஜ் முழுசாக ஏறாது, சார்ஜரும் பாதியில் நிறுத்திவிடும். இரவில், சிமென்ட் தரையில் வைத்து ஏற்றுங்கள். சார்ஜ் முடியும் தறுவாயில் செல் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கை வைக்க முடியாத சூடென்றால் உடனே பிளக்கைப் பிடுங்கி, ஆறிய பிறகு செல்லை எடுங்கள். டார்ச்சை பைக் பெட்டியில் போட்டு வெயிலில் நிறுத்துவதும் சார்ஜை வடிக்கும்.

புது செல் போட்டும் மினுக்கி மினுக்கி எரிந்தால், செல்லைக் குறை சொல்லும் முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். முன்பு ஆல்கலைன் செல் ஒழுகியிருந்தால் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். பஞ்சில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்ந்த பின் செல் போடுங்கள். விலை குறைந்த சாதாரண செல் ஒழுகினால் அது அமிலத்தன்மை. அதற்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துடைக்க வேண்டும். துருவை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.

கடைசியாக லித்தியம். 14500 என்று ஒரு செல், பார்க்க அச்சு அசல் டபுள் ஏ மாதிரியே இருக்கும். ஆனால் முழு சார்ஜில் 4.2 வோல்ட். டார்ச்சின் மேலோ அட்டையிலோ 14500 என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். இரண்டு செல் டார்ச்சில் போட்டால் 8.4 வோல்ட் பாய்ந்து எல்.இ.டி. கருகிவிடும். நிக்கல் செல் சார்ஜரில் இதை வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

அதைவிடத் தடித்த 18650 என்ற லித்தியம் செல்லில் 9,900 எம்.ஏ.எச். என்று போட்டு விற்பதெல்லாம் பொய். நல்ல கம்பெனி செல்களே பெரும்பாலும் 3,500 அளவில்தான் நிற்கின்றன. அடுக்களைத் தராசில் வைத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். 30 கிராம்தான் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தாலும் டார்ச்சுக்குள் போட வேண்டாம்: உள்ளிருக்கும் உலோகக் கூடு முழுக்க மைனஸ், பிளஸ் முனையோடு எதன் வழியாவது தொடர்பு பட்டால் ஷார்ட் ஆகும்.